ஓம் எப்படி வாட் ஆயிற்று

அண்மையில் ஓர் இயற்பியல் கைநூலின் இரண்டாம் மெய்ப்பு என் மேசைக்கு வந்தது. மின்தடை பாடம் முழுவதும் ஓம் குறி இருக்க வேண்டிய இடத்தில் வாட் குறி அச்சாகியிருந்தது. முதல் மெய்ப்பை இருவர் படித்திருந்தோம். இருவர் கண்ணுக்கும் அது தப்பியிருந்தது.

நூலாசிரியர் தம் பழைய வேர்டு கோப்பில் டபிள்யூ விசையைத் தட்டி, அதற்குச் சிம்பல் எழுத்துருவைக் கொடுத்து ஓம் குறியை வரவழைத்திருந்தார். பக்கம் கட்டியவர் பாடத்தை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து வெறும் எழுத்தாக ஒட்டினார். எழுத்துரு உதிர்ந்ததும் அடியில் கிடந்த டபிள்யூ வெளியே வந்துவிட்டது. இதே வழியில்தான் மைக்ரோ குறி எம் ஆகிறது. மருந்தியல் நூலில் 50 மைக்ரோகிராம் 50 மில்லிகிராம் ஆனால் 1,000 மடங்கு மருந்து.

பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய தமிழுக்கும் இதே கதிதான். ஆனால் அங்கே எழுத்துரு போனவுடன் ‘அம்மா’ பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகச் சிதறும். கண் உடனே பிடித்துவிடும். சூத்திரமோ கெட்ட பிறகும் சூத்திரம் போலவே நிற்கும். 3 × 10⁵ என்பதில் மேலெழுத்து இறங்கினால் 3 × 105. மூன்று லட்சம் 315 ஆகிவிடும், வரியில் ஒரு பிசிறும் தெரியாது. பிடிஎஃபிலிருந்து எடுப்பது இன்னும் ஆபத்து. பின்னத்தின் நடுக்கோடும் வர்க்கமூலத்தின் மேற்கோடும் பெரும்பாலும் வரைந்த கோடுகள். எழுத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அவை கூட வருவதில்லை. 9 + 16 முழுவதற்குமான வர்க்கமூலம் 5. மேற்கோடு விழுந்தால் மூலக்குறி 9-ஐ மட்டும் பிடித்துக்கொள்ளும், விடை 19.

வெட்டி ஒட்டும் கட்டளைகள் நம் தொழிலுக்கு அந்நியமானவை அல்ல. 1970களின் நடுவில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் ஜிப்சி என்ற தொகுப்பானை உருவாக்கியது ஜின் என்ற பாடநூல் பதிப்பகத்துக்காகத்தான். கத்தரியும் பசையும் கொண்டு உதவி ஆசிரியர்கள் செய்துவந்த வேலையே திரைக்கு வந்தது. அன்று தாளை வெட்டி ஒட்டியவர் மேலெழுத்தையும் சேர்த்தே ஒட்டினார். இன்று அந்த உறுதி நமக்கு இல்லை.

ஆகவே அச்சகங்களுக்கும் பதிப்பாசிரியர்களுக்கும் என் வேண்டுகோள்: வடிவமைப்பைக் களைவதற்கு முன் கோப்பில் தேடுங்கள். வேர்டின் தேடல் பெட்டியில் எழுத்துருவைக் குறிப்பிட்டுத் தேடலாம், மேலெழுத்து கீழெழுத்தையும் தேடலாம். சிம்பலில் இருப்பதை ஒருங்குறிக் குறியாக மாற்றுங்கள். மேலெழுத்துக்கு முன்னும் பின்னும் ஓர் அடையாளம் இட்டு, பக்கத்தில் ஒட்டியபின் அதைக் கொண்டு மேலெழுத்தை மீட்டெடுங்கள். சமன்பாட்டுக் கருவியில் எழுதியதைப் பாதியில் வெட்டாமல் முழுப் பொருளாக எடுங்கள். பழைய ஈக்வேஷன் எடிட்டரைப் பாதுகாப்புக் குறையால் மைக்ரோசாஃப்ட் 2018 ஜனவரியில் நீக்கிவிட்டது. அதில் எழுதிய சமன்பாடுகள் தெரியும், அந்தக் கருவியால் திருத்த முடியாது. அவற்றை மேத்டைப் மென்பொருளில் திறக்கலாம். நூலாசிரியரிடம் கோப்போடு ஒரு தாள் பிரதியும் கேட்டு வாங்குங்கள். மெய்ப்பில் சூத்திரங்களை மட்டும் அந்தப் பிரதியோடு ஒருமுறை தனியே ஒப்பிட வேண்டும். வாக்கியத்தின் ஓட்டத்தில் படிக்கும் கண் எண்களைத் தாண்டிப் போய்விடுகிறது.

அந்தக் கைநூலின் மூலக்கோப்பை வரவழைத்துச் சிம்பல் எழுத்துருவைத் தேடினோம். ஓம் மட்டுமல்ல, ஒளியியல் பாடத்தில் அலைநீளக் குறியும் ஆங்கில எல் ஆகியிருந்தது. அதை அதுவரை யாருமே பார்க்கவில்லை.