ஏழாம் வீட்டில் இருவர்

வானத்தில் இரண்டு கோள்கள் ஒரே வீட்டில் தங்கியிருந்த காரணத்தால் தில்லியில் ஒரு பெண்ணின் திருமணப் பேச்சு நின்றுபோயிற்று. அந்தப் பெண் என் தமக்கை. ஆகையால் இக்கட்டுரையில் நடுநிலையை நண்பர்கள் எதிர்பார்க்க வேண்டாம். கணக்கு மட்டும் சரியாக இருக்கும்.

அக்காள் பிறந்தது 2000ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில், மாலை 4 மணிக்கு. லக்கினம் துலாம். ஏழாம் வீடாகிய மேஷத்தில் குருவும் சனியும் கூடி நிற்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் கும்பகோணம் பக்கம். அவர்களுடைய சோதிடர் ஜாதகத்தைப் பார்த்த மாத்திரத்தில் மடித்து வைத்துவிட்டாராம். மேஷம் சனிக்கு நீச வீடு. உடன் நிற்கும் குருவோ துலா லக்கினத்துக்கு ஆறாம் வீட்டுக்குடையவர். களத்திர ஸ்தானம் கெட்டது என்பது அவர் தீர்ப்பு.

என் தகப்பனார் மனம் கேளாமல் கரோல்பாக்கில் வேறொரு சோதிடரிடம் ஓடினார். அவர் முகம் மலர்ந்தது. "துலா லக்கினத்துக்குச் சனியே யோககாரகன். ஏழில் நின்றால் அவனுக்குத் திக்பலம். பக்கத்தில் சுபக்கிரகமான குரு வேறு. இதைவிட என்ன வேண்டும்?" என்றார்.

இருவரும் பொய் சொல்லவில்லை. இருவர் சொன்னதற்கும் சோதிட நூல்களில் விதி இருக்கிறது. என் குற்றச்சாட்டே அதுதான். நீசம் என்று ஒரு விதி உண்டானால், நீசபங்கம் என்று அதை அறுக்க இன்னொரு விதி உண்டு. பகைக்கு ஒரு விதி, பகையை ஆற்றும் பார்வைக்கு ஒரு விதி. எதை எடுப்பது, எதை விடுவது என்பதைச் சோதிடரின் மனமும் வந்தவரின் முகமுமே முடிவு செய்கின்றன. ஒரே பொருளை நிறுத்தி ஒருமுறை ஒரு சேர் என்றும் மறுமுறை பத்துச் சேர் என்றும் காட்டும் தராசை எந்த மளிகைக்கடைக்காரர் வைத்துக்கொள்வார்?

இனி வானத்துக்கு வருவோம். வியாழன் ஞாயிற்றைச் சுற்றிவர ஏறக்குறைய 12 ஆண்டு ஆகிறது. சனிக்கு 29½ ஆண்டு. ஆகவே சுமார் 20 ஆண்டுக்கு ஒருமுறை வேகமானவன் மெதுவானவனைப் பிடித்துக் கடக்கிறான். 2000 மே 28இல் நடந்தது இதுவே. பூமியிலிருந்து பார்க்க இரண்டும் ஒரே திக்கில் இருந்தன, அவ்வளவுதான் 'சேர்க்கை'. உண்மையில் அவற்றுக்கிடையே சுமார் 60 கோடிக் கிலோமீட்டர் இடைவெளி. போதாக்குறைக்கு, ஞாயிற்றுக்கு அருகில் இருந்ததால் கண்ணால் காண்பதும் அரிது. எவரும் காணாத கூட்டம் என் அக்காளின் கல்யாணத்தை மட்டும் கண்டுகொண்டது!

இன்னொரு கணக்கும் உண்டு. திருக்கணிதப்படி 1999 மே இறுதி முதல் 2000 ஜூன் தொடக்கம் வரை, ஏறத்தாழ ஓர் ஆண்டு, குருவும் சனியும் மேஷத்திலேயே இருந்தார்கள். நாளொன்றுக்குப் பன்னிரண்டு லக்கினங்கள். ஆக அந்த ஆண்டு பிறந்தவர்களில் பன்னிரண்டில் ஒரு பங்கினருக்கு ஏறக்குறைய இதே ஏழாம் வீடு. அத்தனை பேருக்குமா இல்லறம் கெட்டது? கும்பகோணத்துச் சோதிடரை யாராவது கேட்டுச் சொல்லுங்கள்.

சரி, கோள் எந்த வீட்டில் நிற்கிறது என்பதிலாவது உடன்பாடு உண்டா? 2025 மார்ச் 29ஆம் நாளை நினைத்துப் பாருங்கள். மீனத்தில் ஆறு கிரகங்கள் கூடுகின்றன, நாட்டுக்கு ஆபத்து என்று நம் விடுதியிலேயே பேச்சு எழுந்தது. ஆறாவதாக வந்தவர் சனி. திருக்கணிதப்படி அவர் அன்றுதான் மீனத்துக்குப் பெயர்ந்தார். வாக்கியப் பஞ்சாங்கப்படியோ அவர் அன்று கும்பத்தை விட்டு நகரவே இல்லை. சனிப்பெயர்ச்சி 2026இல்தான் என்று திருநள்ளாற்றிலேயே அறிவித்தார்கள். ஒரு பஞ்சாங்கத்தில் ஆறு கிரகச் சேர்க்கை, மற்றொன்றில் ஐந்து. நாடு எந்தப் பஞ்சாங்கப்படி அஞ்சுவது?

1962 பிப்ரவரியில் எட்டுக் கிரகங்கள் மகரத்தில் கூடியபோது உலகம் முடியப் போகிறது என்று அஞ்சி ஊர் ஊராக யாகம் வளர்த்தார்கள். உலகம் முடியவில்லை. அக்டோபரில் சீனப்போர் மூண்டது. அதுவே அந்தச் சேர்க்கையின் பலன் என்று இன்றும் எழுதுவோர் உண்டு. எட்டு மாதத் தவணை கொடுத்தால் எந்தப் பலன்தான் பலிக்காது?

கணிதத்தை நான் குறை கூறவில்லை. 1724இல் ஜெயசிங் மன்னர் எழுப்பிய ஜந்தர் மந்தர் நம் பஸ் போகும் வழியில்தான் இருக்கிறது. கோள்களின் நிலையைத் திருத்தமாக அளக்க வேண்டும் என்று கல்லிலும் சுண்ணாம்பிலும் அவ்வளவு பெரிய கருவிகளைக் கட்டியவர்களுக்கு நான் தலை வணங்குகிறேன். அளந்த கோணம் அறிவு. அந்தக் கோணத்துக்கு மாமியார் குணம் எங்கிருந்து வந்தது என்பதே என் கேள்வி.

"மன ஆறுதலுக்குத்தானே பார்க்கிறார்கள், உனக்கென்ன நஷ்டம்?" என்று அறைத்தோழர் கேட்கிறார். எங்கள் வீட்டில் ஆறுதலை நான் காணவில்லை. அக்காள் மூன்று மாதம் கோவிலுக்கும் போகவில்லை, கல்யாண வீடுகளுக்கும் போகவில்லை. தெரிந்தவர்கள் கண்ணில் பட்டால் "என்ன ஆயிற்று?" என்பார்களே!

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். அந்த ஜாதகத்தைக் கணினியில் கணித்து அச்செடுத்துக் கொடுத்தவன் நானே. பௌதிகத்தில் முதுகலை படிப்பவன், அப்பா கேட்டார் என்று பேசாமல் எடுத்துக் கொடுத்தேன். நம் மன்றத்தில் என்னைப் போன்றவர்கள் குறைவல்ல. கேட்ட மறுகணம் வாட்ஸப்பில் ஜாதகம் அனுப்பும் விஞ்ஞானிகளை எனக்குத் தெரியும்.

சென்ற மாதம் இன்னொரு இடம் வந்தது. அவர்களும் ஜாதகம் கேட்டார்கள். அம்மா என்னைச் சமையலறைக்கு அழைத்து, "பிறந்த நேரத்தை ரெண்டு மணி தள்ளிப் போட்டு எடுத்துக் கொடுடா" என்றாள். அப்படிச் செய்தால் லக்கினம் விருச்சிகமாகும். குருவும் சனியும் ஆறாம் வீட்டுக்குக் குடி போவார்கள். நான் விழித்துக்கொண்டு நின்றேன்.

அக்காள் பின்னால் நின்றிருக்கிறாள். "மாத்தவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். பிள்ளையை நேரில் வரச் சொல்லுங்கள், நானே பேசிக்கொள்கிறேன்" என்றாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.