போர் விமானியும் போதனாசிரியரும்

போர் விமானம் செலுத்தியவருக்குப் பிறருக்குப் பறக்கக் கற்பிப்பது எளிது என்று எண்ணுவோர் பலர். அஃது அத்துணை எளிதன்று.

முதலாம் உலகப் போரில் பிரித்தானியர் கண்ட அனுபவத்தை நோக்குக. போர்முனையில் களைத்துத் திரும்பிய விமானிகள் பலர் பயிற்சி நிலையங்களுக்கு அனுப்பப்பட்டனர். கற்பித்தலில் அவர்களுக்கு விருப்பமுமில்லை, தேர்ச்சியுமில்லை. எதிரியான ஜேர்மானியரைக் குறித்த ‘ஹூண்’ என்னும் வசைச் சொல்லாலேயே தம் மாணாக்கரையும் அவர்கள் அழைத்தார்கள் என்றால், அப்பயிற்சி எத்தகையதென்று ஆசிரியத் தொழில் புரிவோர்க்கு நான் விளக்கவேண்டுவதில்லை. இந்நிலையை மாற்றியவர் றொபேட் ஸ்மித்-பாரி. பிரான்சில் படையணியொன்றுக்குத் தலைமை தாங்கிய அவர், 1917-ம் ஆண்டில் கோஸ்போட்டில் புதுமுறையொன்றை வகுத்தார். இரட்டைக் கட்டுப்பாடுகள் கொண்ட அவ்ரோ 504 விமானத்தில் மாணாக்கனை அமர்த்தி, பேச்சுக் குழாய் வழியே வானிலேயே விளக்கினர்; விமானத்தை வேண்டுமென்றே சுழன்று விழச்செய்து, மீளும் வழியை அவன் கையாலேயே செய்வித்தனர். யாவற்றிலும் மேலாக, போதிப்போருக்கே முதலிற் போதனை வேண்டுமென்று கண்டவர் அவர்.

இன்று அமெரிக்காவில், படையில் இருந்தபோதே போதனாசிரியராகக் கடமையாற்றியவர் எழுத்துப் பரீட்சையொன்றில் தேறினாற் போதும், குடியியற் போதனாசிரியர் சான்றிதழ் பெறலாம். பறந்தது மட்டும் செய்தவரோ, ஏனையோரைப்போலச் செய்முறைச் சோதனைக்கும் தோற்றவேண்டும். இப்பாகுபாடு நேரியதே. ஆயினும் சான்றிதழ் பெற்றபின்னரே அவருக்கு உண்மையான சோதனை தொடங்குகிறது. படையில் வருபவன் தேர்ந்தெடுக்கப்பட்ட இளைஞன்; தவறினால் விலக்கப்படுவான். பறப்புக் கழகத்துக்கு வருபவரோ தம் கைப்பணத்தை மணிக்கணக்கிற் செலவிட்டு, சனிக்கிழமை தோறும் வந்து, அடுத்த சனிக்குள் பாதியை மறந்துவிடும் ஐம்பது வயதுக் கடைக்காரராக இருக்கலாம். அவரிடம் அணிவகுப்பு மைதானத்துக் குரல் செல்லாது. ஜெற் விமானத்திற் கால்மிதியை அதிகம் நாடாது பழகியவர், சிறு செஸ்னாவில் அதனைத் தாமே மீண்டும் கற்கவும் நேரும்.

இவ்வளவு இடர்ப்பாடு இருந்தும் இத்தகையோர் வேண்டுமென்கிறேன். 2009-ம் ஆண்டு பெப்ரவரி 12-ம் திகதி பஃபலோ நகரருகே பயணிகள் விமானமொன்று வீழ்ந்து 50 பேர் மாண்டனர். இறக்கைகள் தூக்குவிசையை இழக்கப்போவதாக எச்சரிக்கை எழுந்தபோது, முன்னே தள்ளவேண்டிய கட்டுப்பாட்டுத் தண்டைத் தலைமை விமானி பின்னே இழுத்தார். அதன் விளைவாக வந்த விதி, 2013-ம் ஆண்டு முதல் துணை விமானிக்கும் 1,500 மணித்தியாலப் பறப்பை வேண்டியது, படையினருக்கு 750. வியப்பென்னவெனில், அவ்விமானிகள் இருவரும் 1,500 மணித்தியாலத்துக்கு மேல் ஏற்கெனவே பறந்தவர்கள்! கோஸ்போட்டில் கையால் செய்வித்துக் கற்பித்த பாடத்தை மணிக்கணக்கு ஈடுசெய்யுமா?

விதியோ வேறொரு விளைவையும் வலுப்படுத்தியது. இளைஞர் பலர் மணித்தியாலம் சேர்ப்பதற்காகவே போதனாசிரியராகின்றனர். கணக்கு நிறைந்ததும் விமானக் கம்பனிக்குப் போய்விடுகின்றனர். நடுவழியில் நிற்கும் மாணாக்கன் மற்றொருவரிடம் மீண்டும் தொடங்குகிறான். அந்த இளைஞரை நான் குறைகூறேன். ஏணியை அவ்வாறு அமைத்தவர் அவரல்லர். படையில் ஓய்வூதியம் பெற்றுவந்தவருக்கு மணிக்கணக்குத் தேவையில்லை. ஆனால் அவரையும் கம்பனிகள் கூடிய சம்பளத்துக்கு அழைக்கின்றன. அவரைச் சிறிய பறப்புத் திடலில் நிறுத்தவேண்டுமாயின், பறந்த மணிக்கு மட்டும் கூலி அளக்கும் வழக்கத்தைப் பள்ளிகள் கைவிட்டு, கரும்பலகையின் முன் அவர் நிற்கும் நேரத்துக்கும் நிலையான சம்பளம் கொடுக்கட்டும்.