வீட்டை விற்றோம்... ஃபேனை?

நங்கநல்லூர் ஃப்ளாட்டை விற்றுச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்த அன்று ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு போன். வாங்கிய பெண்தான். "அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க... ஃபேன் எல்லாம் இருக்கும்னு நினைச்சுட்டோம். புழுக்கத்துல குழந்தை தூங்கவே மாட்டேங்குது."

எனக்குச் சுருக்கென்றது. மூன்று ஃபேன், கீசர், டியூப் லைட் வரை கழற்றிக்கொண்டு வந்திருந்தோம். "நம்ம காசுல வாங்கினதுதானே" என்றார் என்னவர். நானும் தலையாட்டினேன். ஆனால், 14 வருடப் பழைய ஃபிரிட்ஜை மட்டும் 'பாவம், சின்னஞ்சிறுசுகள், வச்சுக்கட்டும்' என்று தாராளமாக விட்டுவந்தோம். இரண்டு மாடி இறக்கி அப்புறப்படுத்த அவர்கள்தான் கூலி கொடுத்தார்களாம். வேண்டியதை எடுத்துக்கொண்டு, வேண்டாததை தானம் செய்திருக்கிறோம்!

அப்புறம்தான் விசாரித்தேன். 1882-ம் வருட சொத்து மாற்றுச் சட்டத்தின் 8-வது பிரிவு, வேறு மாதிரி பேசிக்கொள்ளாத பட்சத்தில், வீட்டை விற்றால் பூட்டு, சாவி, கதவு, ஜன்னலோடு, வீட்டின் நிரந்தர உபயோகத்துக்காக வைத்த மற்றவையும் வாங்குபவருக்கே என்கிறது. ஆனால் ஃபேன், கீசர் என்று பெயர் சொல்லிப் பட்டியல் போடவில்லை. மனஸ்தாபம் நுழைவது அந்த இடைவெளியில்தான்.

என் கணக்கு இப்போது இதுதான். ஸ்க்ரூ போட்டுச் சுவரிலும் கூரையிலும் மாட்டியதை விட்டுவிடலாம். ஃபேன், கீசர், கிச்சன் சிம்னி, கப்போர்டு எல்லாம் இதில் சேரும். பழைய ஃபேனைப் புது வீட்டில் மாட்டி நாம் மிச்சம் பிடிப்பது சொற்பம். கொக்கியும் ஒயரும் தொங்கும் கூரையைப் பார்க்கிறவருக்கோ முதல் நாளே மனசு விட்டுப்போகும். பிளக்கைப் பிடுங்கினால் கையோடு வரும் வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், மிக்ஸி, கிரைண்டர் நம்முடையவை.

ஏசிதான் இரண்டுங்கெட்டான். தாராளமாக எடுத்துப் போகலாம். ஆனால் கழற்ற, மாட்ட, காப்பர் பைப் நீளம் போதாவிட்டால் புதிதாக வாங்க, கேஸ் போயிருந்தால் நிரப்ப என்று செலவு நீளும். ஏழெட்டு வருட ஏசி என்றால் ஒரு விலை பேசி விட்டுவருவது இருவருக்கும் லாபம். வாங்குபவரும் 5 ஸ்டார் ஸ்டிக்கரைப் பார்த்து மயங்க வேண்டாம். 2022 ஜூலையில் விதி மாறியபோது பழைய 5 ஸ்டார் ஏசி 4 ஸ்டார் கணக்குக்கு இறங்கிவிட்டது.

கேஸ் சிலிண்டரை மட்டும் 'வச்சுக்கோங்க' என்று சொல்லவே கூடாது. சிலிண்டரும் ரெகுலேட்டரும் எண்ணெய் நிறுவனத்தின் சொத்து. நாம் டெபாசிட் கட்டி வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். ஏஜென்சியில் சொல்லி முகவரி மாற்றுங்கள், அல்லது ஒப்படைத்து டெபாசிட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

எதை விட்டாலும் ஓடுகிற நிலையில் விடுங்கள். ரிமோட், பில், வாரன்டி கார்டு, சர்வீஸ் செய்பவரின் நம்பர் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டுக் கொடுங்கள். ரிப்பேரான பொருளை விட்டுவருவது அன்பளிப்பு இல்லை. நம் குப்பையை அடுத்தவர் தலையில் கட்டுவது.

முக்கியமான விஷயம், இதையெல்லாம் பேச வேண்டியது அட்வான்ஸ் வாங்கும் முன்பு. எது வீட்டோடு, எது நம்மோடு, எதற்குத் தனி விலை என்று ஒரு தாளில் எழுதி, விற்பனை ஒப்பந்தத்தோடு சேர்த்து இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அறைக்கு அறை போட்டோவும் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். வாங்குபவர்களே, நீங்களும் கூச்சப்படாமல் கேளுங்கள். லட்சக்கணக்கில் லோன் போட்டு வருகிறவர் 'ஃபேன் இருக்குமா?' என்று கேட்பது கஞ்சத்தனம் இல்லை.

மறுநாள் காலையில் மூன்று ஃபேனையும் ஆட்டோவில் ஏற்றி, எலெக்ட்ரீஷியனோடு நானே போனேன். அவர் கூலியையும், ஃபிரிட்ஜ் இறக்கிய கூலியையும் கொடுத்துவிட்டேன். "இதுக்குப்போய் ஏன்க்கா?" என்றபடி அந்தப் பெண் காபி போட உள்ளே போனாள். ஹாலில் ஃபேன் சுற்ற ஆரம்பித்திருந்தது. குழந்தை பாயில் படுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

உங்கள் பழைய வீட்டில் நீங்கள் எதை விட்டுவந்தீர்கள், எதைக் கழற்றிக்கொண்டு வந்தீர்கள்? எழுதுங்களேன்.