பழுது பேட்டரியிலா, ஆல்டர்னேட்டரிலா?



தங்கவயல் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதியோடு மூடப்பட்ட பின்னர், பாலகாட்டிலிருந்து பிழைப்புக்காகப் பெங்களூரு சென்றவர்கள் பலர். அதிகாலை இரயிலேறி இரவில் வீடு திரும்புகிறவர்கள் ஒருபுறம்; நகரிலேயே குடியேறி, வார இறுதியில் மட்டும் பெற்றோரைக் காண வருகிறவர்கள் மறுபுறம். பின்னவர்களில் சிலர் குழந்தைகளை முன்னிட்டு ஒரு பழைய மாருதி 800 வாங்கியிருக்கிறார்கள். வாரம் முழுவதும் தெருவோரத்தில் நிற்கும் அந்த வண்டி, சனிக்கிழமை மாலை ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் ஓடி வீடு வந்து சேருகிறது. மறுநாள் காலையில் சாவியைத் திருப்பினால், 'டக், டக்' என்ற ஓசையோடு சரி. பேட்டரி போய்விட்டது என்று தீர்ப்பாகிறது. கடன் வாங்கிப் புதியது போடுகிறார்கள். ஒரு மாதத்திற்குள் மீண்டும் அதே ஓசை.

சற்றே சிந்தித்துப் பாருங்கள். இரண்டு மணி நேரத்திற்கு மேல் ஓடிவந்த வண்டியின் பேட்டரி நிரம்பியல்லவா இருக்க வேண்டும்? நிரம்பவில்லையென்றால் அதை நிரப்புகிற கருவியை விசாரிக்க வேண்டும். நிரம்பியும் விடியுமுன் வடிந்ததென்றால் வேறு விசாரணை. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் பணம் செலவழிப்பது வீண்.

ஆல்டர்னேட்டர் என்பது நமக்குப் புதிய சங்கதி அன்று. 1902ஆம் ஆண்டில் சிவசமுத்திரத்தில் காவிரி நீரின் விசையால் சக்கரத்தைச் சுழற்றி, அங்கே பிறந்த மாறுதிசை மின்சாரத்தைத் தொலைதூரக் கம்பிகள் வழியே நம் சுரங்கங்களுக்குக் கொண்டுவந்தார்கள். காரில் நீருக்குப் பதிலாக எஞ்சினும் பெல்ட்டும் சுழற்றுகின்றன. மாறுதிசை மின்சாரத்தை உள்ளிருக்கும் டயோடுகள் நேர்மின்சாரமாக்குகின்றன; ரெகுலேட்டர் அளவு மீறாமல் காக்கிறது.

ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும்; பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் மலிவாகவே கிடைக்கும். வீட்டு வாசலில் வந்து நின்றதும் எஞ்சினை அணைக்காமல், ஹெட்லைட்டை எரியவிட்டு, பேட்டரியின் இரு முனைகளிலும் அளவெடுங்கள். 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால் சார்ஜ் ஏறுகிறது. பன்னிரண்டரைக்குக் கீழே நின்றால் ஏறவில்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது. பேட்டரித் தண்ணீர் அடிக்கடி குறைவதும் பல்புகள் எரிந்துபோவதும் அதனால்தான்.

சார்ஜ் ஏறவில்லையென்று கண்டவுடன் ஆல்டர்னேட்டரைக் கழற்றிவிடாதிருங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு முதலில் பெல்ட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். நடுவில் அரை அங்குலத்திற்கு மேல் தாழ்ந்தால் தளர்ச்சி. பேட்டரி முனைகளில் பூத்திருக்கும் வெண்பச்சைப் பொடியை வெந்நீரால் கழுவி இறுக்குங்கள். பின்பு எஞ்சினை ஓடவிட்டு, ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயர் முனையிலும் அளவெடுங்கள். அங்கே 14.2, பேட்டரியில் 13 என்றால் ஆல்டர்னேட்டர் குற்றமற்றது. இடையிலுள்ள ஒயரோ எர்த் பட்டையோ அரித்துப்போயிருக்கிறது. பழைய வண்டிகளில் இது மிகச் சாதாரணம். அதற்காக முழு ஆல்டர்னேட்டரையும் மாற்றச் சொல்லும் கடைக்காரரிடம் இந்த இரண்டு எண்களையும் காட்டுங்கள்.

சாவியை ஒரு படி திருப்பும்போது பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிய வேண்டும். எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். முதலில் எரியவே இல்லையென்றால் பலர் மகிழ்ந்துவிடுகிறார்கள்! பல பழைய ஆல்டர்னேட்டர்களுக்கு அந்த விளக்கின் வழியாகத்தான் தொடக்க மின்சாரம் போகிறது. சிறு பல்பு போனாலே சார்ஜ் நின்றுவிடக்கூடும். எஞ்சின் ஓடும்போது மங்கலாக எரிந்துகொண்டேயிருந்தால் டயோடு அல்லது கார்பன் பிரஷ்ஷைச் சந்தேகிக்கலாம். பிரஷ் தேய்ந்ததற்குப் புது ஆல்டர்னேட்டர் வாங்க வேண்டியதில்லை.

மாலையில் 14 வோல்ட் காட்டிய வண்டி காலையில் மடிந்து கிடந்தால்? படுக்கப் போகுமுன்னும், விடிந்ததும், எஞ்சின் ஓடாத நிலையில் அளவெடுங்கள். இரவில் 12.6, காலையில் 12.1 என்றால், பேட்டரி தன்னில்தானே வடிகிறது, அல்லது ஏதோ ஒன்று இரவெல்லாம் மின்சாரம் குடிக்கிறது. பிற்பாடு பொருத்திய மியூசிக் செட்டை முதலில் சந்தேகியுங்கள். அடுத்த இரவு பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவைத்துப் பாருங்கள்; அப்படியும் வடிந்தால் பேட்டரிதான் குற்றவாளி. அப்போது தாராளமாகப் புதியது வாங்குங்கள்.

ஓர் எச்சரிக்கை. எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி, 'வண்டி நிற்கவில்லை, ஆல்டர்னேட்டர் நன்றாயிருக்கிறது' என்று சொல்லும் பழக்கம் சில மெக்கானிக்குகளிடம் இன்னும் இருக்கிறது. டைனமோ பொருத்திய பழைய அம்பாசிடர், பியட் காலத்து வழக்கம் அது. ஆல்டர்னேட்டர் வண்டியில் அப்படிச் செய்தால் வோல்ட் திடீரென எகிறி டயோடுகளைச் சுட்டுவிடும். எத்தனை அனுபவசாலியானாலும் தடுத்துவிடுங்கள்.

இரவில் குடும்பத்தோடு வரும் வழியில் சிவப்பு விளக்கு எரிந்தால், முதலில் வெப்பமானியைப் பாருங்கள். பல பழைய கார்களில் தண்ணீர் பம்பையும் அதே பெல்ட்தான் சுழற்றுகிறது. முள் ஏறினால் பெல்ட் அறுந்துவிட்டது. உடனே ஓரங்கட்டி நிறுத்துங்கள். ஏறாவிட்டால் ஏசி, பாட்டு எல்லாவற்றையும் அணையுங்கள்; ஹெட்லைட்டை மட்டும் அணைக்காதீர்கள். இரு ஹெட்லைட்டுகளே ஒன்பது ஆம்பியர் அளவு எடுக்கும். இக்னிஷனும் ரேடியேட்டர் விசிறியும் வேறு. 35 ஆம்பியர்-மணி பேட்டரி நிறைந்திருந்தாலும் ஓரிரு மணி நேரத்திற்கு மேல் தாங்காது. பாதி வடிந்ததென்றால் ஒரு மணி நேரமே அதிகம். வழியில் எஞ்சினை அணைக்காமல் கோலாரோ பங்காருபேட்டையோ, எது அருகிலோ அங்கே போய்ச் சேருங்கள்.