கத்தியை எடுக்குமுன்...

மார்பைத் திறந்து நுரையீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுப்பது சாமானிய காரியமல்ல. விலா எலும்புகளை விலக்க வேண்டும். பிறகு பல நாட்களுக்கு இருமினாலும் வலி, திரும்பிப் படுத்தாலும் வலி. புற்றுநோய் தொலைந்தால் சரி என்று நோயாளி அத்தனையையும் பொறுத்துக்கொள்கிறார். ஆனால் சில மாதங்கள் சென்று, ஆபரேஷனுக்கு முன்பே நோய் எலும்புக்கும் ஈரலுக்கும் பரவியிருந்தது என்று தெரிய வந்தால்? பட்ட பாடெல்லாம் வீண்தானே!

இப்படி வீணாகும் ஆபரேஷன்கள் எத்தனை? ஹாலந்து டாக்டர்கள் இதை நேர்மையாகக் கணக்கெடுத்தார்கள். ஒன்பது ஆஸ்பத்திரிகளில், நுரையீரல் புற்றுநோய் என்று சந்தேகிக்கப்பட்ட 188 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சோதனைகள் மட்டும். மறு பிரிவினருக்கு அவற்றோடு 'பெட்' என்னும் படமும். முடிவு 2002-ல் 'லான்செட்' பத்திரிகையில் வெளிவந்தது. முதல் பிரிவில் நூற்றுக்கு 41 பேருக்கு ஆபரேஷன் வீணாயிற்று. 'பெட்' எடுத்த பிரிவில் 21 பேருக்குத்தான். ஐந்தில் ஒருவர் கத்திக்குத் தப்பினார் என்று பொருள்!

புற்றுநோய் உயிரணுக்கள் சர்க்கரையை அளவுக்கு மீறி விழுங்கும். 1920-களிலேயே ஜெர்மன் விஞ்ஞானி ஆட்டோ வார்பர்க் கவனித்த விஷயம் இது. கதிர்வீசும் ப்ளோரின் சேர்த்த சர்க்கரை போன்ற ஒரு பொருளை ஊசி மூலம் ஏற்றுகிறார்கள். அது எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைப் படம் காட்டுகிறது. 110 நிமிஷத்தில் அந்த ப்ளோரினின் கதிர் வீச்சு பாதியாகிவிடும்.

அப்படியானால் படம் சொல்வதே வேதவாக்கா? அல்லவே அல்ல. காசநோய் இருக்கும் இடமும் இப்படித்தான் பளிச்சிடும். காசநோய் மலிந்த நம் நாட்டில் இதை மறக்கலாமா? ஒரே ஒரு புள்ளியைப் பார்த்துவிட்டு, "பரவிவிட்டது, ஆபரேஷன் பிரயோஜனமில்லை" என்று அனுப்பிவிடுவது, பிழைக்கக்கூடியவரைக் கைவிடுவதாகும். அந்த இடத்தில் ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதித்த பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும். மூளையோ இயல்பாகவே சர்க்கரையை உண்ணும் உறுப்பு. அங்கே பரவிய நோயைப் பார்க்க எம்.ஆர்.ஐ. படமே தகும்.

எல்லாருக்கும் இந்தப் படம் எடுக்க வேண்டும் என்பதும் சரியல்ல. ஆரம்ப நிலையிலுள்ள, பரவும் அபாயம் குறைந்த மார்பகப் புற்றுநோய்க்கு இது வேண்டாம் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2012-லேயே சொல்லிவிட்டது. வீண் ஆபரேஷனைப் போலவே வீண் படமும் உண்டு. அதற்கும் பணம் அழ வேண்டும்.

நகையை அடகு வைத்துப் பணத்தோடு வந்து நிற்கும் குடும்பத்தார், "ஆபரேஷன் என்றைக்கு?" என்றுதான் கேட்கிறார்கள். சோதனைக்காக ஒரு வாரம் தள்ளிப் போனால், டாக்டர் காலங்கடத்துகிறார் என்ற முணுமுணுப்பு வேறு. "வேறெங்கும் பரவியிருக்கிறதா என்று பார்த்தாயிற்றா, ஐயா?" என்று கேட்கிறவர் எத்தனை பேர்?