மேய்ப்பவரை மறந்த கொடை

அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான பகல்நேர மையங்களுக்குப் போய்வந்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. கொட்டகையில் ஒரு வேன் நிற்கும். அதன் பக்கவாட்டில், வாங்கிக்கொடுத்த குடும்ப அறக்கட்டளையின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். டயர்களில் காற்று இறங்கியிருக்கும். வேனுக்குப் பணம் வந்தது. ஓட்டுநர் சம்பளத்துக்கும் டீசலுக்கும் வரவில்லை. பத்து வயதுப் பிள்ளையை இடுப்பில் சுமந்து இரண்டு பேருந்து மாறி வரும் தாய், ஒரு நாள் வருவதையே நிறுத்திவிடுகிறார்.

இதற்கு அந்த மையத்தை நடத்துபவர்களைக் குறை சொல்வது எளிது. நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். கட்டடம் தருவோம், கருவி தருவோம், சம்பளமும் வாடகையும் தர மாட்டோம் என்பது நம் ஊர்க் குடும்ப அறக்கட்டளைகள் பலவற்றின் எழுதாத விதி. அதோடு, எந்த உதவியும் மார்ச் 31 வரைதான். ஏப்ரலில் சிறப்பாசிரியைக்கு யார் சம்பளம் கொடுப்பது என்ற கேள்வியைக் கொடையாளர் காதில் வாங்குவதில்லை. இது தவறு.

2020-இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்ட பின் இந்தத் தவறின் விளைவு கடுமையாகிவிட்டது. அயல்நாட்டுப் பணத்தைப் பெறும் பெரிய அமைப்பு, அதைச் சிறிய அமைப்புக்குப் பகிர்ந்தளிக்க முடியாது. அந்தப் பணத்தில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பும் 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைந்தது. கிராமத்துத் தொண்டு அமைப்புக்கு இனி உள்ளூர்ப் பணம்தான் கதி.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியில் நிர்வாகச் செலவு 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பதைச் சிலர் காரணம் காட்டுகிறார்கள். அந்த வரம்பு, பணம் தரும் நிறுவனம் தன் அலுவலகத்துக்குள் செய்யும் பொது நிர்வாகச் செலவுக்கானது. திட்டத்தை நேரடியாக நடத்த ஆகும் செலவு அதில் சேராது. 2021-இல் திருத்தப்பட்ட விதியே அப்படித்தான் சொல்கிறது. தனக்குப் போட்ட கடிவாளத்தைப் பிசியோதெரபி செய்பவரின் ஊதியத்துக்கு மாட்டுவதற்குச் சட்டத்தில் இடமில்லை.

நம் முன்னோர் இதைத் தெளிவாக அறிந்திருந்தார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள்: அணையாத விளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகள். அவற்றைப் பெற்ற இடையர், நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். மிஞ்சிய பயன் அவர் குடும்பத்துக்கு. விளக்கு எரிய வேண்டுமானால் ஆடு மேய்ப்பவரும் சாப்பிட வேண்டும் என்பது அந்தக் கொடைக்குள்ளேயே இருந்தது. சாவா மூவாப் பேராடு என்று கல்லில் வெட்டியவர்கள் ஓராண்டு ஒப்பந்தம் போட்டவர்கள் அல்லர்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 1926-இல் பீளமேட்டில், பூ.சா. கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்கள் குடும்பச் சொத்தை ஐந்து பங்காக்கினார்கள். ஐந்தாவது பங்கு அறத்துக்குப் போனது. அறத்தை உடன்பிறந்தவனாக எண்ணியவர்களின் கணக்கு அது. இன்றோ, வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் போல அது விரைவில் கிளம்ப வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறது.

எங்கள் பணம், எங்கள் விருப்பம் என்று சொல்லும் உரிமையும் இன்றைய கொடையாளர்களுக்கு முழுமையாக இல்லை. வருமானத்தில் 85 விழுக்காட்டை அறப்பணிக்குச் செலவிடும் நிபந்தனையின் பேரில் அறக்கட்டளைகள் வரிவிலக்குப் பெறுகின்றன. அரசு கைவிட்ட அந்த வரியில் தீப்பெட்டி ஒட்டும் பெண்ணுக்கும் பங்குண்டு. யாருக்கு, எவ்வளவு, எத்தனை ஆண்டுக்குக் கொடுத்தோம் என்ற பட்டியலை ஆண்டுதோறும் வெளியிடுவது பெருந்தன்மை ஆகாது, கடமை.

தொண்டின் பெயரால் பணம் சுருட்டியவர்கள் இருக்கிறார்கள். கொடையாளரின் அச்சத்தை நாம் ஒதுக்கவில்லை. அதற்குத் தணிக்கை இருக்கிறது, நேரில் போய்ப் பார்ப்பது இருக்கிறது. சந்தேகத்தின் பேரில் ஆயாவின் கூலியை மறுப்பது, திருடனைப் பிடிக்காமல் வீட்டைப் பூட்டிவிட்டு ஊரைவிட்டுப் போவதற்குச் சமம்.

குறைந்தது மூன்றாண்டுக்கு, சம்பளமும் வாடகையும் சேர்த்துக் கொடுங்கள் என்று அறங்காவலர்களைக் கேட்கிறோம். புதிய விண்ணப்பங்களைப் பார்க்க உட்காரும் முன், கடந்த ஐந்தாண்டில் தாங்கள் வாங்கிக்கொடுத்த வேன்களில் எத்தனை இன்று காலை ஓடின என்ற கணக்கை அவர்கள் கேட்டு வாங்கட்டும்.