பச்சை ரிப்பனும் பாதுகாவலர்களும்

ஆல்வின் ஷ்வார்ட்ஸைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் நண்பர் சிரித்தார். 'பேய்க்கதைக்காரனுக்கு நம் பத்திரிகையில் இடமா?' என்றார். காஃப்காவின் பூச்சியைப் பற்றி ஒரு மாலை முழுக்கப் பேசக்கூடியவர் அவர். ஒருவன் காலையில் பூச்சியாகக் கண்விழித்தால் இலக்கியம். ஒருத்தியின் தலை கழன்று விழுந்தால் சில்லறைச் சரக்கு. இந்தப் பாகுபாடு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். 'அது குழந்தைகளுக்கானதுதானே' என்றார். அந்தத் 'தானே'வோடுதான் எனக்குச் சண்டை.

ஷ்வார்ட்ஸ் (1927–1992) புரூக்ளினில் பிறந்த அமெரிக்கர். பத்திரிகை நிருபராக இருந்தவர். நாக்குப் புரளும் தொடர்கள், விடுகதைகள், சகுன நம்பிக்கைகள், அண்டப்புளுகுகள் என்று ஜனங்களின் வாயில் கிடந்ததையெல்லாம் பொறுக்கிச் சேர்த்துக் குழந்தைகளுக்குப் புத்தகமாக்கினார். 1981, 1984, 1991 ஆகிய ஆண்டுகளில் வந்த 'இருட்டில் சொல்லப் பயங்கரக் கதைகள்' என்ற பொருள்படும் மூன்று தொகுதிகள்தாம் அவருக்குப் பெயரையும் வசையையும் வாங்கித் தந்தவை. 1984இலேயே வந்த இன்னொரு சிறிய புத்தகம் 'ஓர் இருண்ட, இருண்ட அறையில்'. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய பிள்ளைகளுக்கானது. ஏழே உருப்படிகள். எனக்கு முக்கியம் இதுதான்.

அமெரிக்காவில் இந்த 'எளிய வாசிப்பு' நூல்களுக்கு ஒரு சரித்திரம் உண்டு. பள்ளிப் பாடப்புத்தகங்களின் அசட்டுத்தனமே பிள்ளைகளைப் படிப்பிலிருந்து விரட்டுகிறது என்று 1954இல் 'லைஃப்' பத்திரிகையில் ஜான் ஹெர்ஸி எழுதினார். 1957இல் டாக்டர் ஸ்யூஸ் வெறும் 236 சொற்களை வைத்துக்கொண்டு தொப்பிப் பூனையின் கதையை எழுதி முடித்தார். அதே ஆண்டு ஹார்ப்பர் நிறுவனம் 'என்னால் வாசிக்க முடியும்' என்ற வரிசையைத் தொடங்கியது. ஷ்வார்ட்ஸின் சிறு புத்தகம் அந்த வரிசையில் வந்ததுதான். சொற்களை எண்ணி எழுதுவது வியாபாரம், படைப்பல்ல என்பார்கள் நம்மவர்கள். தளை தட்டாமல் வெண்பா எழுதியவனை நாம் அப்படிச் சொல்வதில்லை. (இந்தப் பத்திரிகையில் சொல்வோம், அது வேறு விஷயம்.)

அந்தப் புத்தகத்தில் 'பச்சை ரிப்பன்' என்று ஒரு கதை. ஜென்னி என்ற சிறுமி எப்போதும் கழுத்தில் ஒரு பச்சை ரிப்பன் கட்டியிருக்கிறாள். கூடப் படிக்கும் ஆல்ஃப்ரெட் ஏன் என்று கேட்கிறான். அவள் சொல்வதில்லை. வளர்கிறார்கள், காதலிக்கிறார்கள், மணம் செய்துகொள்கிறார்கள். கேள்வி தொடர்கிறது, பதில் இல்லை. கிழவியாகி நோயில் படுத்துச் சாகும் தறுவாயில், இப்போது அவிழ்க்கலாம் என்கிறாள். அவன் அவிழ்க்கிறான். தலை விழுகிறது. கதை முடிந்தது.

இந்தக் கதையின் பழைய வடிவங்களில் பிரசித்தமானது வாஷிங்டன் இர்விங் 1824இல் வெளியிட்டது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துப் பாரிஸ். புயல் இரவு. தலைவெட்டும் யந்திரத்தின் படியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணை ஜெர்மன் மாணவன் ஒருவன் தன் அறைக்கு அழைத்துப் போகிறான். அவள் கழுத்தில் வைரக் கொக்கி வைத்த கறுப்புப் பட்டை. காலையில் அவள் பிணமாகக் கிடக்கிறாள். போலீஸ் அதிகாரி பட்டையை அவிழ்க்கத் தலை உருள்கிறது. முந்தின நாள் வெட்டப்பட்டவள் அவள். மாணவனுக்குச் சித்தம் கலங்குகிறது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இர்விங்கிடம் எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கிறது. தலை ஏன் விழுந்தது? வெட்டினார்கள். யார் வெட்டினார்கள்? புரட்சி. மாணவன் சொன்னது நிஜமா? அவன் பைத்தியம். வாசகன் நிம்மதியாக மூடி வைக்கலாம். ஷ்வார்ட்ஸ் யந்திரத்தை எடுத்துவிட்டார், பாரிஸை எடுத்துவிட்டார், பைத்தியத்தையும் எடுத்துவிட்டார். ஓர் இரவு இருந்த இடத்தில் ஓர் ஆயுள் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு தாம்பத்தியம் முழுக்க இருவருக்கும் நடுவில் ஒரு ரிப்பன் கிடக்கிறது. அவன் கேட்கிறான், ஆனால் பிடுங்கவில்லை. அவள் நேசிக்கிறாள், ஆனால் சொல்லவில்லை. யாருக்குப் பைத்தியம்? யார் வெட்டினார்கள்? சொல்லப்படவில்லை. சொற்கள் குறைவாகத்தான் இருக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தம் காரணங்களை வெளியே தள்ளிவிட்டது. இருண்மை பற்றிப் பத்து ஆண்டுகளாக நாம் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறோம். அந்த மனிதர் அதை ஆறு வயதுப் பிள்ளைக்கு எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

நியூஜெர்ஸியில் மகள் வீட்டில் இருந்தபோது பேத்திதான் நூலகத்திலிருந்து இதைக் கொண்டுவந்து எனக்குப் படித்துக் காட்டினாள். முடித்ததும், 'ஜென்னி ஏம்மா கடைசி வரைக்கும் சொல்லலே?' என்று கேட்டேன். 'சொன்னா அவன் அப்பவே அவுத்திருப்பான், தாத்தா' என்றாள். அன்றிரவு அவள் நன்றாகத் தூங்கினாள். விளக்கை அணைக்க யோசித்தது நான்.

இனி பாதுகாவலர்களைப் பற்றி. அமெரிக்க நூலகச் சங்கம் தொகுத்த பட்டியலில், 1990 முதல் 1999 வரை நூலகங்களிலிருந்து நீக்கச் சொல்லி அதிகம் ஆட்சேபிக்கப்பட்ட நூல்களில் முதலிடம் ஷ்வார்ட்ஸின் பயங்கரக் கதைகளுக்கு. பயம், வன்முறை, பிள்ளைகளின் தூக்கம் என்றெல்லாம் குற்றச்சாட்டுகள். ஸ்டீஃபன் காமெல் வரைந்த படங்கள் மீது விசேஷக் கோபம். மசி ஒழுகும் முகங்கள், வேர்போல் இறங்கும் தலைமுடி. அதே காமெலுக்கு 1989இல் வேறொரு படப்புத்தகத்துக்காகக் கால்டெகாட் பதக்கம் கிடைத்தது. கை ஒன்றுதான். 2011இல் பதிப்பகம் அந்தப் படங்களை எடுத்துவிட்டு பிரெட் ஹெல்க்விஸ்டின் சாதுவான படங்களைப் போட்டது. சொற்களை விட்டுவைத்தார்கள். அவற்றை மாற்றும் அளவுக்குக்கூட மதிக்கவில்லை என்று தோன்றுகிறது. சின்ன வயதில் இவற்றைப் படித்து வளர்ந்தவர்கள் முணுமுணுத்தார்கள். 2017இல் காமெல் திரும்பி வந்தார்.

அந்தப் பெற்றோர்களும் என் நண்பரும் எதிரெதிர் முகாம் என்று நினைக்க வேண்டாம். அவர்கள் பயம் அதிகம் என்கிறார்கள். இவர் இலக்கியம் குறைவு என்கிறார். இரு தரப்புக்கும் குழந்தை இன்னும் முழு மனிதன் ஆகாத ஒரு ஜந்து. அதற்குச் சாவு தெரியாது, ரகசியம் தெரியாது, மௌனம் புரியாது. அதனால் பாதுகாக்கலாம், அல்லது புறக்கணிக்கலாம். பேசத்தான் கூடாது. ஷ்வார்ட்ஸ் பேசினார். பயங்கரக் கதைகளின் பின்பக்கங்களில், ஒவ்வொரு கதையும் எங்கிருந்து கிடைத்தது, எந்தெந்த ஊர்களில் எப்படி மாறி வழங்குகிறது என்று குறிப்பும் நூற்பட்டியலும் கொடுத்தார். பத்து வயது வாசகனுக்கு! எடுத்த இடத்தைச் சொல்லும் வழக்கம் நம் விமர்சகர்களில் எத்தனை பேருக்கு இருக்கிறது?

அவர் மகா கலைஞர் என்று நான் வாதாட வரவில்லை. பயங்கரக் கதைகளில் பல, அச்சில் வெளிறிப்போய்க் கிடக்கின்றன. காரில் காதலர்கள், கொக்கிக் கையன் வகையறாவில் இருப்பது ஊர்வம்புதான். சொல்லிக் காட்டும்போது மட்டும் உயிர் வரும். பக்கத்தில் இருப்பவர் மீது எந்த இடத்தில் பாய வேண்டும் என்றுகூடச் சில கதைகளில் அவரே குறித்திருக்கிறார். காமெலின் படங்கள் இல்லாவிட்டால் மூன்று தொகுதிகளில் பாதி நின்றிருக்காது. வேடிக்கைத் தொகுப்புகள் பலவற்றை நான் இரண்டாம் முறை தொட மாட்டேன். இதெல்லாம் விமர்சனம். 'குழந்தைகளுக்கானதுதானே' என்பது விமர்சனம் அல்ல.

சிறு புத்தகத்தின் பிரதி ஒன்றை நண்பருக்குக் கொடுத்திருக்கிறேன். அரை மணியில் முடித்துவிடலாம். காஃப்கா பற்றிய அடுத்த கூட்டத்துக்கு முன் படித்துவிட்டு வரட்டும், பிறகு பேசுவோம்.